மிருதங்கம் எங்கே போச்சு?

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம். பொன்மலைப்பட்டி வீட்டுத் திண்ணையில் அப்பா இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் அண்ணனின் பழைய ஐபாட். பத்து நிமிடம் கேட்டிருப்பார். கழற்றி மடியில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இதுல மிருதங்கமே காணோமே. மிருதங்கம் இல்லாம எவன் கச்சேரி வைப்பான்?"

வாங்கி என் காதில் மாட்டிப் பார்த்தேன். மிருதங்கம் நன்றாகவே இருந்தது. இடது காதில் மிருதங்கம், வலது காதில் பிடில், நடு மண்டையில் பாட்டு. என்ன குறை என்று கேட்க வாயெடுத்தபோதுதான் உறைத்தது. அப்பாவுக்கு இடது காது கேட்காது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் எழுந்தார், அந்தக் காது போயிருந்தது. ஜலதோஷ அடைப்பு என்று நினைத்து நான்கு நாள் சும்மா இருந்துவிட்டார். இந்த மாதிரி திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்தபோது நாள் கடந்துவிட்டது. சரி, அந்தக் கதை வேண்டாம். விஷயம் என்னவென்றால், அந்தக் காதுக்குள் போகும் எதுவும் அப்பாவுக்கு வந்து சேராது. இயர்போனில் இடது பக்கம் வருவது இடது காதுக்கு மட்டும்தான் போகும். ஆகவே மிருதங்கக்காரர் இரண்டு மணி நேரம் வாசித்ததெல்லாம் வீண்.

அண்ணன் இந்த ஐபாடை 2010இல் வாங்கினான். கிளாசிக், 160 ஜிபி, உள்ளே சின்னதாக ஒரு ஹார்டு டிஸ்க் சுற்றும் வகை. ஆப்பிள் 2022 மே மாதத்தோடு ஐபாடுக்கே மூடுவிழா நடத்திவிட்டது. இது மட்டும் நிற்கவில்லை. அண்ணன் தன்னிடம் இருந்த கச்சேரி சிடிக்கள் அனைத்தையும் இதில் ஏற்றி, "அப்பாவுக்குப் பொழுது போகும்" என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பொழுது போனது, பாதிக் கச்சேரி.

"அப்பா, மிருதங்கம் இருக்கு. உங்க கேக்காத காதுப் பக்கம் இருக்கு."

அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். "ஆமாம்ல. மேடையில அவர் அந்தப் பக்கம்தானே உக்காருவார்" என்றார்.

எத்தனையோ கச்சேரிக்குப் போயிருக்கிறேன், இந்த இருக்கை விவரத்தை நான் கவனித்ததே இல்லை. பாடகர் நம்மைப் பார்த்து உட்காருவார். அவருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் பிடில். கீழே இருந்து பார்க்கிற நமக்கு அது மாறி, மிருதங்கம் இடது, பிடில் வலது. மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்தபடி உட்காருவதால் அவருடைய வலக்கை வாசிக்கும் முகம், அதாவது வலந்தலை, சபையைப் பார்த்து இருக்கும். அந்த நாதம் நேரே நம்மிடம் வரும். இடக்கை வாசிப்புக்காரர் என்றால் எதிர்ப்பக்கம் போய் உட்காருவார். இந்த சிடியைப் பதிவு செய்தவர் சபையில் உட்கார்ந்து கேட்பதுபோலவே இடமும் வலமும் பிரித்து வைத்திருக்கிறார். இரண்டு காதும் உள்ளவனுக்கு அது சுகம்.

"ஸ்பீக்கர்ல போட்டா கேக்கும்" என்றார் அப்பா. கேட்கும்தான். அறைக்குள் ஸ்பீக்கர் பாடினால் எந்தப் பக்கத்துச் சத்தமும் எந்தக் காதுக்கும் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் ஸ்டீரியோ இருக்கிறது. இருக்கிறது என்றால், கூடத்து மூலையில் ஸ்டூலின் மேல் ஓர் ஆம்ப்ளிஃபயர், இரண்டு பக்கமும் மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். 1987இல் போனஸ் பணத்தில் வாங்கியது. முகப்பிலிருந்த கம்பெனிப் பெயர் எப்போதோ உதிர்ந்து விழுந்து, பசை போட்ட இரண்டு புள்ளி மட்டும் மிச்சம். அந்த இடத்தில்தான் அம்மா வருடா வருடம் சந்தனம் குங்குமம் வைப்பாள். பதினைந்து வருடமாகப் பாட்டு எதுவும் பாடாமல் பொட்டு மட்டும் வாங்கிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயர் அது.

மறுநாள் ஆயுத பூஜை. இன்றைக்கே இணைத்துப் பார்த்துவிடலாமே என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பூஜையில் வைத்த கருவியை அன்றைக்குத் தொடக்கூடாதாம். "விஜயதசமிக்கு எடுப்போம். புதுசா ஆரம்பிச்ச கணக்கு." அப்பா ரயில்வேயில் எஸ் அண்ட் டி என்கிற சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தவர். ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் டெலிபோன் லைனும் சிக்னல் கேபிளும் பார்த்தவர். அவர் வீட்டில் பூஜையில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னுக்கும் மின்சாரம் அளக்கும் முள் மீட்டருக்கும்தான் முதல் மரியாதை, அதற்கப்புறம்தான் அம்மாவின் அரிவாள்மணை.

எனக்கு ஒரு நாள் கிடைத்தது. சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு கடையில் கேபிள் வாங்கிவந்தேன். ஒரு முனையில் இயர்போன் ஓட்டைக்குப் போகும் 3.5 மில்லிமீட்டர் பிளக். மறுமுனையில் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் இரண்டு பின், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. அறுபது ரூபாய். இதற்குள் அண்ணன் மகன் வேறு, "அத்தை, எதுக்கு இந்த ஒயரெல்லாம், புளூடூத் ரிசீவர் ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்று போனில் யோசனை சொன்னான். நல்ல யோசனைதான், அவனுடைய அப்பா வாங்கிய ஐபாடில் புளூடூத் இருந்திருந்தால்.

விஜயதசமி காலை. பொட்டை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைத் துடைத்தோம். ஸ்பீக்கர் ஒயரை எலி கடித்திருந்தது, அதை மாற்றினோம். மாற்றும்போது அப்பா ஒரு ரிமோட் பேட்டரியை எடுத்து ஸ்பீக்கர் முனைகளில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிளஸ்ஸை பிளஸ்ஸில் வைத்தால் உள்ளே இருக்கும் காகிதக் கூம்பு முன்னால் வரும், மாற்றி வைத்தால் உள்ளே போகும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நகர வேண்டும். ஒன்று முன்னேயும் ஒன்று பின்னேயும் போனால் பாட்டில் கனமே இருக்காது, கீழ்ஸ்தாயி எல்லாம் ஒன்றை ஒன்று அடித்துவிடும்.

கரண்ட் கொடுப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. பல வருடம் தூங்கிய கருவியை நேரே பிளக்கில் செருகக்கூடாது. ஒரு பலகையில் 100 வாட் குண்டு பல்பு மாட்டி, அதன் வழியாகத்தான் கரண்ட். சீரீஸ் லாம்ப் என்பார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரிந்து நிற்கும், கருவி தப்பிக்கும். ஒன்றும் இல்லையென்றால் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய கண்டன்சர்கள் நிரம்பியதும் மங்கிவிடும். நாங்கள் மூவரும் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். எரிந்தது, மங்கியது. "உசிர் இருக்கு" என்றார் அப்பா.

இனி என் முறை. ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக ஜோடி ஜோடியாக ஓட்டைகள். ஒவ்வொரு ஜோடிக்கும் மேலே ஆங்கிலத்தில் பெயர். முதலில் இருந்ததைப் படித்தேன்: போனோ. போன் மாதிரி சின்னக் கருவிக்கு என்று இருக்கும்போல என நினைத்துச் செருகிவிட்டேன். சிரிக்காதீர்கள். குனிந்து, டார்ச் பிடித்து, தூசிக்குள் படிக்கிறவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

ஐபாடில் பாட்டைத் தட்டினேன். வீடு அதிர்ந்தது. கடைவீதியில் கட்சிக் கூட்டத்துக் குழாய் ஒலிபெருக்கியைத் தண்ணீர் டிரம்முக்குள் வைத்ததுபோல ஒரு முழக்கம். எதிர்வீட்டு நாய் குரைத்தது. அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். அப்பா ஒன்றும் பேசாமல் கை நீட்டி ஸ்விட்சை அணைத்தார். அவர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

போனோ என்பது இசைத்தட்டுக்கு. எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் ரெக்கார்ட் பிளேயர் இருந்தது, நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே விற்றுவிட்டார்கள். தட்டின் மேல் ஓடும் ஊசியிலிருந்து வரும் மின்சாரம் அற்ப சொற்பம், ஐந்து மில்லிவோல்ட் அளவு. அதைப் பெருக்கத்தான் அந்த ஓட்டைக்குப் பின்னால் தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. நான் கொடுத்ததோ அரை வோல்ட். நூறு மடங்கு. ஊசியின் முணுமுணுப்பைக் கேட்கக் காது வைத்துக்கொண்டிருந்தவனிடம் போய்க் கத்தினால் என்ன ஆகும்?

இன்னொன்றும் அப்பா சொன்னார். இசைத்தட்டு வெட்டும்போதே கீழ்ஸ்தாயியைக் குறைத்து, மேல்ஸ்தாயியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். இல்லாவிட்டால் கனத்த சத்தத்துக்குக் கோடு அகலமாக வளைந்து வளைந்து ஓடித் தட்டில் இடமே பற்றாது. கேட்கும்போது அதைத் தலைகீழாக்கிச் சமன் செய்ய வேண்டும். 1954இல் அமெரிக்க ரெக்கார்டிங் கம்பெனிகளின் சங்கம் அதற்கு ஓர் அளவு வகுத்தது, அப்புறம் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். போனோ ஓட்டை அந்தக் கணக்குப்படி கீழ்ஸ்தாயியை அள்ளிக் கொடுக்கும். ஐபாடில் வருவது எதுவும் குறைக்காத பாட்டு. அதன்மேல் இன்னும் அள்ளிப் போட்டால் டிரம் சத்தம்தான் வரும்.

ஆக்ஸ் என்று எழுதியதற்கு மாற்றினேன். டியூனர் என்றாலும், டேப் என்றாலும் சரிதானாம், போனோ மட்டும் கூடாது. டேப் ஓட்டையில் ஏற்கெனவே கேசட் டெக்கின் ஒயர் இருந்தது. அந்த டெக்கைத் திறந்து பார்த்தால் உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது. அதை மூடிவைத்துவிட்டோம், இன்னொரு விஜயதசமிக்கு ஆகட்டும்.

இப்போது பாட்டு வந்தது. வந்தது என்று எப்படிச் சொல்வது? பிடில் கேட்டது. மிருதங்கம் கேட்டது. சபையில் ஒருவர் இருமியதுகூடக் கேட்டது. பாடகரைக் காணோம். எங்கேயோ கிணற்றடியில் நின்று பாடுவதுபோல லேசாக ஓர் எதிரொலி மட்டும்.

"முந்தா நாள் மிருதங்கம், இன்னைக்குப் பாட்டா?" என்றாள் அம்மா.

நான் ஆம்ப்ளிஃபயர் கெட்டுவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். அப்பா கேபிளைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி, பிளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்குக் காட்டினார். அந்தச் சின்னப் பிளக்கில் இரண்டு கறுப்பு வளையங்கள் குறுக்கே ஓடி உலோகத்தை மூன்று துண்டாகப் பிரிக்கின்றன. நுனி இடது. நடுத்துண்டு வலது. அடியில் இருக்கும் நீளத்துண்டு இரண்டுக்கும் பொது, எர்த் என்பார் அப்பா. முள் மீட்டரின் ஒரு முனையை அடித்துண்டிலும் மறுமுனையை சிவப்புப் பின்னின் வெளி வளையத்திலும் வைத்தார். முள் அசையவில்லை. வெள்ளையிலும் வைத்தார். அசையவில்லை. பிளக்கின் கழுத்தைக் கொஞ்சம் வளைத்ததும் ஒரு துள்ளு துள்ளிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

பொது ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. புதுக் கேபிள். கடைக்காரரைச் சொல்லி என்ன பயன், அறுபது ரூபாய்க்கு இவ்வளவுதான் என்று அப்பாவே சமாதானம் சொன்னார்.

ஆனால் பொது ஒயர் அறுந்தால் எல்லாமும்தானே போக வேண்டும், பாடகர் மட்டும் ஏன் போனார்? இதை அப்பா சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. பாடகர் நடுவில் இருக்கிறார். அதாவது இடது ஒயரிலும் வலது ஒயரிலும் அவர் குரல் ஒரே அளவாக, ஒரே நேரத்தில் போகிறது. திரும்பிவர பொது வழி இருந்தால் இரண்டும் தனித்தனியே போய்த் திரும்பும். அந்த வழி அடைபட்டால் இடதில் போவது வலது வழியாகத்தான் திரும்ப வேண்டும். இரண்டு முனையிலும் ஒரே அளவு தள்ளினால் ஒன்றும் நகராது. "ஒரே கட்டிலை ரெண்டு பேரும் ரெண்டு பக்கமிருந்து தள்ற மாதிரி" என்றார். இரண்டு பக்கமும் வேறு வேறாக இருப்பது மட்டும்தான் ஸ்பீக்கருக்கு வந்து சேரும். பிடில் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம், அதனால் அவர்கள் பிழைத்தார்கள். ஐபாட் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்ததால் வேறு சுற்று வழியும் இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படிப் பாட்டு மட்டும் காணாமல் போனால், ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடுவதற்கு முன் பிளக்கின் கழுத்தை ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள்.

நான் கடைக்குப் போய் வேறு கேபிள் வாங்கிவருகிறேன் என்றேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். பூஜையிலிருந்து சால்டரிங் அயர்ன் வந்தது, அதன் கைப்பிடியிலும் பொட்டு. பழைய பிளக்கை வெட்டி எறிந்தார். டப்பாவைக் கிளறி உலோக உறை போட்ட ஒரு பழைய பிளக்கை எடுத்தார். எழுபத்துநான்கு வயது. கை லேசாக நடுங்கும், ஆனால் அயர்னைப் பிடித்ததும் நடுக்கம் எங்கே போகிறதோ தெரியாது. மூன்று பொட்டு ஈயம் வைத்தார். பளபளவென்று வந்தது. நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன், ஆறாம் வகுப்பில் நின்ற மாதிரியே.

அவர் பற்றவைத்து முடித்தபின் நான் கரகரப்பைக் கவனித்தேன். வால்யூம் குமிழைத் திருப்பினால் மணலை அரைக்கும் சத்தம், உள்ளீடு மாற்றும் குமிழைத் தொட்டால் ஒரு பக்கம் போய்ப் போய் வந்தது. உள்ளே தகடுகளில் களிம்பு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டு, கான்டாக்ட் கிளீனரைக் குமிழின் இடுக்கில் ஒரு பீய்ச்சு, அப்புறம் முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்பல். இவ்வளவுதான் வைத்தியம். சீரியல் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

மறுபடி செருகினோம். பாடகர் திரும்பி வந்துவிட்டார். நடுக்கூடத்தில் உட்கார்ந்து பாடினார் என்றே சொல்வேன். மிருதங்கமும் வந்தது. அப்பா நாற்காலியில் சாய்ந்து தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

வால்யூம் எங்கே வைப்பது என்பதில் எங்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம். நான் ஐபாடைக் குறைத்து ஆம்ப்ளிஃபயரைக் கூட்டியிருந்தேன். அப்பா மாற்றச் சொன்னார். ஐபாட் முக்காலுக்கு மேல் இருக்கட்டும், மிச்சத்தை ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்ளும். சிறிதாகக் கொடுத்துப் பெரிதாகப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். இயர்போனை ஓட்டும் வலுவுள்ள ஓட்டைக்கு ஆம்ப்ளிஃபயர் ஒரு சுமையே இல்லை. இயர்போனின் மின்தடை முப்பது சொச்சம் ஓம், ஆம்ப்ளிஃபயரின் வாசலில் ஆயிரக்கணக்கான ஓம். அது ஐபாடிடம் கேட்பது வோல்டேஜை, கரண்டை அல்ல. ஐபாடில் அண்ணன் வைத்திருந்த ஈக்வலைசரையும் அணைத்துவிட்டேன். அவன் எல்லாப் பாட்டுக்கும் ராக் என்று போட்டு வைத்திருந்தான். மோகனத்துக்கும்.

அரைமணி நேரத்தில் ஐபாட் பேட்டரி சிவப்பாகிவிட்டது. சார்ஜரைச் செருகினேன். உடனே பாட்டுக்கு அடியில் உம்மென்று ஒரு ரீங்காரம்.

அப்பா தாளத்தை நிறுத்தினார். "தம்புராவை யார் மாத்தினது?"

சார்ஜர் வழியாகக் கசியும் மின்சாரம்தான். கேபிளின் பொது ஒயரில் ஏறி ஆம்ப்ளிஃபயருக்குள் போய்விடுகிறது. நம் ஊர் கரண்ட் நொடிக்கு 50 தடவை ஆடும், ரீங்காரம் 50லும் அதன் இரட்டிப்பான 100லும் வரும். சின்ன வயதில் நான்கு வருடம் பாட்டு கற்றுக்கொண்ட பாவத்துக்கு எனக்கு இது பொறுக்கவில்லை. நொடிக்கு 98 தடவை ஆடும் நாதம்தான் ஐந்து கட்டை என்கிற சுருதி. பாடகர் ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறார், அவருக்கு ஐந்து கட்டை பஞ்சமம், அதாவது 'ப'. ஆக மின்வாரியம் அவருக்குப் பஞ்சமம் பிடித்துக் கொடுக்கிறது, கொஞ்சமே கொஞ்சம் தூக்கலாக. ஒட்டவே ஒட்டாத ஸ்வரம் என்றால் ஒதுக்கிவிடலாம், ஏறக்குறைய சேரும் சுருதிதான் பல்லைக் கூச வைக்கும். இதைத் தடுக்க நடுவில் மாட்டும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் டப்பா கடையில் கிடைக்கிறது. நாங்கள் வாங்கவில்லை. சார்ஜரைப் பிடுங்கினோம், காபி குடித்தோம், ஐபாட் தனியாக அறையில் சார்ஜ் ஏறி வந்தது. கேட்கும்போது சார்ஜ் கிடையாது, சார்ஜ் போடும்போது பாட்டு கிடையாது.

மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தபோது அப்பா எழுந்தார். நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், வலது காது அதைப் பார்த்து இருக்கும்படி போட்டு உட்கார்ந்தார். மூன்று வருடமாக விட்டதையெல்லாம் பிடிக்கப் போகிறவர்போல. சற்று நேரம் கேட்டார். புருவம் சுருங்கியது. எழுந்து வலது ஸ்பீக்கருக்குப் போனார், குனிந்து காதை வைத்தார். மறுபடி இடதுக்கு வந்தார்.

"பாப்பா, ஒயரை மாத்திச் சொருகிட்ட."

"இல்லப்பா. சிவப்பு வலது, வெள்ளை இடது. ரெண்டு தடவை பார்த்துத்தான் சொருகினேன்."

"அப்ப மிருதங்கம் ஏன் வலப்பக்கம் அடிக்குது?"

"இடக்கைக்காரரா இருப்பாரோ என்னவோ."

அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "முந்தா நாள் இயர்போன்ல எனக்குக் கேக்காம போனது எது? மிருதங்கம். எனக்குக் கேக்காத காது எது? இடது. அப்ப சிடியில மிருதங்கம் இடதுதானே. இங்க வலதுல வருதுன்னா நடுவுல யாரோ மாத்தியிருக்கணும்."

போன காதையே மீட்டராக வைத்துச் சோதித்துவிட்டார் மனிதர். எனக்குப் பதில் இல்லை. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் போய் டார்ச் அடித்துக் காட்டினேன். சிவப்பு வலதில், வெள்ளை இடதில், சந்தேகமே இல்லை. ஸ்பீக்கர் ஒயர்களும் சரியாக இருந்தன. மிச்சம் இருந்தது ஒன்றுதான். அப்பா அதை என்னைவிட ஒரு நொடி முன்னால் கண்டுபிடித்திருப்பார். மெதுவாகப் பிளக்கின் உலோக உறையைத் திருகிக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். நுனிக்கும் நடுத்துண்டுக்கும் ஒயரை மாற்றிப் பற்றவைத்திருந்தார்.

யாரும் பேசவில்லை. பிறகு அம்மாதான், "அந்த டார்ச்சை அவ சரியாப் பிடிச்சிருக்க மாட்டா" என்றாள். முப்பது வருடத்துக்கு முன்பும் இதையேதான் சொல்வாள்.

இருட்டிவிட்டிருந்தது, அயர்னும் பூஜை அலமாரிக்குப் போய்விட்டது. நான் பின்னால் சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிச் செருகினேன். மிருதங்கம் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தது. வேலை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிவப்பு ஓட்டையில் வெள்ளைப் பின் நிற்பதை அவரால் பார்க்கவே முடியவில்லை. "நிறம் பொய் சொன்னா அப்புறம் எதைத்தான் நம்புறது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ரயில்வே ரிலே ரூமில் கட்டுகிற மாதிரி கல்யாணப் பத்திரிகை அட்டையைச் சின்னதாக நறுக்கி, ஓட்டை போட்டு, நூல் கோத்து இரண்டு ஒயரிலும் ஒவ்வொன்று கட்டினார். இடது, வலது என்று எழுதுவார் என நினைத்தேன். ஒன்றில் மிருதங்கம் என்று எழுதினார், இன்னொன்றில் பிடில். மூன்றாவது அட்டையை போனோ ஓட்டையின் மேல் ஒட்டினார். அதில் "பாப்பா தொடக்கூடாது" என்று இருந்தது.

ராத்திரி அண்ணன் மகன் மறுபடி போன் செய்தான். நடந்ததையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்தை, போன் செட்டிங்ஸ்ல மோனோ ஆடியோன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கு. அதைப் போட்டா ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரே காதுல வந்துடும். பாட்டையெல்லாம் தாத்தா போனுக்கு மாத்தியிருந்தாலே முடிஞ்சிருக்கும்" என்றான்.

அதை நான் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் காலை சென்னைக்கு ரயில். ஐந்தரை மணிக்கு சாம்பிராணி வாசனையில் கண் விழித்தேன். அம்மா அதற்குள் பூஜை ஆரம்பித்துவிட்டாளா என்று எழுந்து கூடத்துக்கு வந்தால், அம்மா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். ஈயத்தோடு சேர்ந்து உருகும் ராசின் பிசினின் வாசனை அது. டியூப் லைட்டுக்கு அடியில் அப்பா தரையில் உட்கார்ந்து பிளக்கைப் பிரித்து வைத்திருந்தார். டார்ச்சைப் பல்லில் கடித்திருந்தார்.